துணிக்குள் ஐந்தாம் தரம்

1

இந்தக் கதையை நானாக யோசித்துப் பிடித்தேன் என்று சொன்னால் ஸகியா என்னைத் தன் வீட்டுப் படியேற விடமாட்டாள். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது ஒரு பழைய கொப்பியிலிருந்து எடுத்தது. எடுத்தது என்றாலும் சில வரிகள்தான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

ஸகியா என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், காத்தான்குடிக்காரி. அவளுடைய முன்னோரில் ஒருவர் ஆலிம். ஊர்ச்சனம் வந்து கேட்ட மார்க்கக் கேள்விகளையும் தான் சொன்ன விடைகளையும் அவர், அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழில், ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நான் களுதாவளைக்காரி, இந்து; அந்த எழுத்து எனக்குத் தெரியாது. அவள் வாசித்தாள், நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டேன். நோன்பு, பள்ளிவாசல் காணி, கிணற்றில் விழுந்த பூனை என்று போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொருகுகிற நேரத்தில் இது வந்தது:

‘ஒரு பெண் அயல்வீட்டுப் பிள்ளையைத் துணியில் கட்டிச் சுமந்த நாட்களில் அதற்குத் தன் பாலைக் கொடுத்தாள். நாலு தரம் என்பது நிச்சயம். ஐந்தாம் தரம் உண்டா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளையும் அவளுடைய மகளும் மணம் முடிக்கலாமா?’

விடை ஒரே வரி: ‘சந்தேகத்தினால் ஹறாம் ஆகாது; தவிர்ந்துகொள்வது பேணுதல்.’

மேலே 1943 என்று ஆண்டு. பெயர் எதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஒருத்தியிட பால அஞ்சு தரம் குடிச்சா அவ அந்தப் புள்ளைக்கு உம்மா” என்றாள் ஸகியா. “அவட புள்ளையள் எல்லாம் கூடப்பிறந்த மாதிரி. கலியாணம் முடிக்கேலாது.”

“நாலு தரம் குடிச்சா?”

“நாலு தரம் குடிச்சா பசி போகும். அவ்வளவுதான்.”

நான் கொப்பியை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. முடிக்கலாம் என்றும் சொல்லி, முடிக்காமல் விடுவது நல்லது என்றும் சொன்னால் அந்த மனுசி எந்தப் பக்கம் போவாள்? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கோபத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்:

‘1926ஆம் ஆண்டு. பங்குனி மாதம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் நெற்கதிர்கள் பொன்னாகச் சாய்ந்து…’

[நெல்லைப் பொன் என்று எழுதுகிறவர்கள் நெல் வெட்டியிருக்கமாட்டார்கள். வெட்டுகிறவளுக்கு அது சுணை. கழுத்தெல்லாம் அரிக்கும்.]

இரண்டாம் தொடக்கம்:

‘தாய்மை என்பது…’

[இதை ஒருதரம் அடித்தேன். திருப்தி வரவில்லை. இன்னொரு தரமும் அடித்தேன்.]

மூன்றாம் தொடக்கம் இப்படி வந்தது. இதோடு போகலாம்:

காத்தான்குடியில் சித்தி நபீஸாவும் உம்மு குல்தூமும் பக்கத்துப் பக்கத்து வளவுக்காரிகள். இடையில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. வேலியில் இரண்டு கிடுகைக் கழற்றி விட்டு அதையே பாதையாக்கியிருந்தார்கள். நபீஸாவின் புருசன் முகைதீன்பாவா தறியில் சாரன் துணி நெய்கிறவர். குல்தூமின் புருசன் முஹம்மட்டுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்துக்குப் பக்கத்தில் வயல் இருந்தது. இரண்டு பெண்களும் இரண்டு மாத இடைவெளியில் பிள்ளை பெற்றார்கள். நபீஸாவுக்கு மகள், றஸீனா. குல்தூமுக்கு மகன், சரீப். றஸீனா பிறந்த நாற்பதாம் நாளே குல்தூம் வேலிக் கடப்பால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டாள்.

“றஸீனா எனக்குத்தான். வேற ஆரும் கேட்டு வந்தா அனுப்பிரு.”

நபீஸாவும் சிரித்துக்கொண்டு ஓம் என்றாள். சும்மா பகிடியாகத் தொடங்கியதுதான். ஆனால் அந்த ஊரில் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன வாக்கைப் பகிடி என்று பிறகு சொல்லமுடியாது.

3

1926 பங்குனியில் முஹம்மட்டின் வயல் வெட்டுக்கு இரண்டு பெண்களும் பிள்ளைகளோடு வாவியைக் கடந்து போனார்கள். வெட்டுக்காரருக்குச் சோறு ஆக்கவேண்டும். வயலோரத்தில் ஒரு வாடி, அதாவது கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த தற்காலிகக் குடில். அதில் தங்குவது. முகைதீன்பாவா தறியை விட்டுவிட்டு வரமுடியாது என்று ஊரில் நின்றுவிட்டார்.

நாலாம் நாள் குல்தூமுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் ஆளையே அடையாளம் தெரியாமல் போயிற்று. முஹம்மட் அவளைத் தோணியில் ஏற்றிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆயத்தமானார். காய்ச்சல்காரியோடு பிள்ளையை விடமுடியாது. அவளுக்குப் பாலும் வற்றிவிட்டது.

தோணிக்குத் தூக்கும்போது குல்தூம் நபீஸாவின் கையைப் பிடித்தாள். நல்ல பிடி. காய்ச்சலில் கிடக்கிறவளின் பிடி மாதிரி இல்லை.

“ஆட்டுப்பால் மட்டும் குடு மச்சி. ஒன்ட பால வாயில வெச்சிராத. கலியாணம் இல்லாமப் போயிரும்.”

“வெக்கமாட்டன். நீ சொகமாகி வா.”

“ரெண்டு மூணு நாளையில வந்திருவன்.”

ஒன்பது நாளாயிற்று.

4

இந்த இடத்தில் கதை எனக்கு ஒரு சிக்கலைத் தந்தது. கொப்பியில் ‘துணியில் கட்டிச் சுமந்த நாட்களில்’ என்று இருக்கிறது. ஸகியாவிடம் கேட்டேன்.

“எங்கட பொம்புளயள் புள்ளைய இடுப்புல வெச்சிக்குவாங்க. இல்லாட்டி ஏணையில போடுவாங்க” என்றாள். “ஒடம்போட கட்டிக்கிட்டு வேல செய்யிறது ஒங்கட வயல்வேல ஆக்கள்.”

அப்படியானால் யாரோ ஒருத்தி கட்டக் காட்டிக் கொடுத்திருக்கவேண்டும். அதற்காகத்தான் கண்ணகையைக் கொண்டுவந்தேன். பழுகாமத்துக்காரி, முஹம்மட்டின் வயலைப் பார்க்கிறவரின் மனைவி, நபீஸாவைவிடப் பத்து வயது மூத்தவள், ஆடு வைத்திருக்கிறவள். (உண்மையைச் சொன்னால், இந்தக் கதைக்குள் என் பக்கத்து ஆள் ஒருத்தி நிற்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஸகியா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். சிரித்தாள்.)

வாடியின் கூரைவளை இரண்டு ஏணைத் தொட்டில்களைத் தாங்காது. ஒன்றில் றஸீனாவைப் போட்டால் சரீப் அழுவான். அவனைப் போட்டால் அவள் அழுவாள். அடுப்பில் இருபது பேருக்குச் சோறு. கண்ணகை வந்து பார்த்தாள், நபீஸா போர்த்திப் படுக்கவென்று கொண்டுவந்த துணியை உருவினாள். முகைதீன்பாவா நெய்ததில் நூல் பிழைத்துப்போன துண்டு, இரண்டு சாரனுக்கான நீளம், வெட்டாமல் கிடந்தது.

“கையத் தூக்கு புள்ள.”

ஒரு தலைப்பைத் தோளில் போட்டு, முதுகால் சுற்றி, மாருக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடப்பக்கம் றஸீனாவையும் வலப்பக்கம் சரீப்பையும் உள்ளே இருத்தி, மற்றத் தலைப்பை இழுத்து இடுப்பில் முடிந்தாள். இரண்டு பிள்ளைகளும் கால்களை மடக்கிக்கொண்டு, முகம் மட்டும் தெரிய, நபீஸாவின் உடம்போடு ஒட்டிக்கொண்டன. அழுகை நின்றது. நபீஸா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கை இரண்டும் சும்மா இருந்தன. பிள்ளை பெற்றபிறகு முதல்முறையாக அப்படி.

“ஆறு பெத்தனான், ஆறையும் இப்பிடித்தான் கட்டிக்கொண்டு வெட்டினனான்” என்றாள் கண்ணகை. “அதுகள் அதுக்குள்ளயே குடிச்சிட்டு அதுக்குள்ளயே நித்திரையாப் போகும். நீ பாக்கவும் தேவல்ல.”

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

5

ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்துக் கொடுத்தார்கள். சரீப் குடித்தான், கக்கினான். தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். வயிற்றால் போனது. குல்தூம் போன இரண்டாம் நாள் பின்னேரம் அவன் அழுவதை விட்டுவிட்டு முனகத் தொடங்கினான். பிள்ளை பெற்றவர்களுக்கு எந்தச் சத்தம் பயம் என்று தெரியும்.

அங்கே நபீஸா யோசித்தது என்னவென்று நான் நிறைய எழுதிப் பார்த்தேன். அவள் அழுதாள், அல்லாஹ்விடம் கேட்டாள், குல்தூமின் கைப்பிடியை நினைத்தாள் என்றெல்லாம். அடித்துவிட்டேன். அவள் யோசித்தது இவ்வளவுதான்: ஐந்து தரம் என்றால்தானே தடை. ஐந்து ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மார்க்கத்தை அரைகுறையாகத் தெரிந்தவள் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள். ஒன்று, ஒரு தரமும் கொடுத்திருக்கமாட்டாள். அல்லது, கணக்குப் பாராமல் கொடுத்திருப்பாள். நபீஸா நன்றாகத் தெரிந்தவள். கையில் நாலு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் தரம், இரண்டாம் நாள் பின்னேரம், வாடிக்குள், முதுகைக் கதவுப்பக்கம் காட்டி. அவன் பிடித்த பிடியில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டாம் தரம் மூன்றாம் நாள் விடிய. மூன்றாவது ஐந்தாம் நாள்; இடையில் ஆட்டுப்பாலில் வயிற்றில் தங்கியதுதான். நாலாவது தரம் ஆறாம் நாள் மத்தியானம், துணிக்குள் வைத்தே. அவன் குடித்துமுடித்து, தானாக வாயை விட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான். அதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

[ஒவ்வொரு தரமும் அவள் துணியின் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டாள் என்று எழுதியிருந்தேன். நாலு முடிச்சு. அழகாக இருந்தது. எடுத்துவிட்டேன். முடிச்சு இருந்தால் பிறகு சந்தேகம் எங்கே இருந்து வரும்? அதோடு, கதை எழுதுகிறவர்களுக்கு உதவியாக யாரும் முடிச்சுப் போட்டு வைப்பதில்லை.]

நாலும் முடிந்தது. குல்தூம் வரவில்லை.

6

ஏழாம் நாளைப் பற்றி என் கையெழுத்துப் பிரதியில் முதலில் ஒரு வரியும் இருக்கவில்லை. ஆறிலிருந்து நேரே எட்டுக்குத் தாவியிருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நபீஸாவும் அப்படித்தான் தாவினாள்.

எட்டாம் நாள், வெட்டு வட்டையின் மறுகோடிக்குப் போய்விட்டது. வட்டை என்றால் ஒரே தொடராகக் கிடக்கும் வயல்வெளி. அந்த வெளியின் வரம்பு வழியே, தலையில் சோற்றுப் பெட்டியும் உடம்பில் இரண்டு பிள்ளைகளுமாக நபீஸா நடந்தாள். உச்சி வெயில். வரம்பு ஒரு பாதத்துக்குமேல் அகலம் இல்லை. கண் முழுக்கக் காலில்தான் இருந்தது. புறப்படும்போது சரீப் அழுதான். நடுவழியில் நிறுத்தினான். ஆடி ஆடி நடந்ததில் நித்திரையாகிவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

சோற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தாள். புறப்படும்போது இடமும் வலமுமாக இருந்த பிள்ளைகள் இரண்டும் நடுவில் வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இரண்டும் நித்திரை. அவளுடைய சட்டை கழன்று நனைந்திருந்தது. சரீப்பின் கன்னத்தில் பால்.

அது அவன் குடித்த பாலா? றஸீனா குடிக்கும்போது சிந்தி அவன் கன்னத்தில் பட்டதா? தானாக வடிந்ததா?

‘நபீஸாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது…’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி நிறுத்திவிட்டேன். தெரிந்திருக்க வழியில்லை. நானும் என் மகளை இப்படிச் சுமந்து நடந்திருக்கிறேன், ஊரைவிட்டு ஓடவேண்டியிருந்த ஒரு காலத்தில். ஆறு மைல். என் பிள்ளை அன்று குடித்ததா, பயந்து அடங்கிக் கிடந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தோடு நடக்கிறவளுக்குத் தன் உடம்பின் செய்தி தனக்கு வந்து சேராது.

ஒன்பதாம் நாள் குல்தூம் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். தோணியை விட்டு இறங்கமுன்பே கேட்டாள்.

“பால் குடுத்தயா?”

“இல்ல” என்றாள் நபீஸா.

7

பதினேழு வருடத்தை ஒரு வரியில் கடப்பது எழுதுகிறவருக்கு இலகு. கடந்துவிட்டேன்.

1943. யுத்தகாலம். நூல் கிடைக்காமல் முகைதீன்பாவாவின் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. ஆனாலும் மகளுக்கு வீடு கட்டி முடித்திருந்தார். அந்த ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருவான். சரீப் வரப்போகும் வீடு, நபீஸாவின் வளவுக்குள்ளேயே, அவளுடைய அடுப்படியிலிருந்து பத்து அடி தூரத்தில்.

றஸீனா வயதுக்கு வந்த நாளிலிருந்து சரீப்புக்கு முன்னால் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது அவன் ஒழுங்கையில் சைக்கிள் மணியை இரண்டுதரம் அடிப்பான். அந்த நேரத்தில் றஸீனா என்ன வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். நபீஸா இதைக் கண்டும் காணாதது மாதிரி இருந்தாள். மற்றத் தாய்மார் சந்தோசத்தில் அப்படி இருப்பார்கள். இவள் பயத்தில் இருந்தாள்.

(சைக்கிள் மணி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று ஸகியா சொன்னாள். இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.)

“நாள் வெச்சிருவமா?” என்று முகைதீன்பாவா மூன்றாம் தரம் கேட்டார். “இன்னும் என்னத்த யோசிக்கிறாய்?”

“வெய்ங்க” என்றாள்.

வைத்தார்கள். பிறகுதான் அவளுக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. ஐந்து என்றால் அவள் தன் மகளை மகனுக்கே கட்டிக்கொடுக்கிறாள். நாலு என்றால் ஒரு குற்றமும் இல்லை. இடையில் இருப்பது ஒரு வரம்பு, ஒரு வெயில், ஒரு துணி.

ஆலிமின் வீட்டுக்குப் போனாள். திரைக்குப் பின்னால் இருந்து, தெரிந்த ஒருத்திக்காகக் கேட்பதாகச் சொல்லிக் கேட்டாள்.

இந்த ஆலிமுக்கு அப்துல் மஜீத் என்று பெயர் வைத்து, முதல் வரைவில் அவரைச் சிடுசிடுவென்று எழுதியிருந்தேன். என் கோபத்தைத் தீர்க்க ஒருவர் வேண்டும் அல்லவா. ஸகியா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

“கொப்பிய ஒழுங்கா வெச்சிருந்த மனுசன். ஏசுறவர் இவ்வளவு வடிவா எழுதமாட்டார்.”

ஆகவே திருத்துகிறேன். அவர் நல்ல மனிதர். நெடுநேரம் யோசித்தார். விடையைச் சொன்னார். சொல்லிவிட்டு, “அந்தப் பொம்புள நல்லா நெனச்சுப் பார்க்கட்டும்” என்றார்.

“பதினேழு வரிசமா நெனச்சுத்தான் பார்க்கிறா, ஆலிம்சா.”

“பசிச்ச புள்ளைக்குக் குடுத்தவ. அல்லாஹ் அவக்கு நன்மை எழுதியிருப்பான். அதச் சொல்லுங்க அவட்ட.”

அந்த நல்ல வார்த்தை ஏனோ அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ குத்தியது. எங்கே என்று தெரியவில்லை.

8

நிச்சயமான ஒரு பதில் தேடி நபீஸா வாவியைக் கடந்தாள். கண்ணகை இன்னும் அதே வளவில்தான் இருந்தாள். பாயில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டுத் துழாவுவதை நிறுத்தினாள்.

“எத்தின தரமெண்டு எனக்கெப்பிடிப் புள்ள தெரியும்? துணிக்குள்ள நடந்தத நான் காணுறதா?”

“கடைசி நாளையில, கண்ணகைக்கா. சோத்தக் கொண்டுபோன அண்டைக்கு. நான் வந்து அவிழ்க்கக்குள்ள நீங்க கிட்டத்தான் நிண்டீங்க.”

“நிண்டன். பால் கிடந்தது. ஆர்ர வாயில இருந்து வந்ததெண்டு பாலுல எழுதியிருக்கா?” கண்ணகை பாயின் ஓரத்தில் குந்தினாள். “எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். அதுக்கு முதல் நாள் முழுக்க அவன் அழுதவன். விடியத் தொடங்கினது, பொழுதுபட்டும் நிக்கல்ல. ஆட்டுப்பாலும் அண்டைக்குத் தங்கல்ல. நீ அடுப்படியில ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாய். உன்ட சட்டை நனைஞ்சு வடிஞ்சிது. ஏன்கா குடுக்காம இருக்காய் எண்டு கேட்டன். நாலு முடிஞ்சிட்டு எண்டாய். எனக்கு அண்டைக்கு விளங்கல்ல. உங்கட வேதத்தில ஏதோ இருக்கும் எண்டு விட்டுட்டன்.”

நபீஸா பாயிலிருந்து சிதறிய நெல்லைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“எனக்குப் பால் நிண்டு ரெண்டு வருசம். இருந்திருந்தா நான் குடுத்திருப்பன், புள்ள. அது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்தான்.”

ஏழாம் நாள் இதுதான். நான் எழுதாமல் தாவியது. நபீஸா பதினேழு வருடமாக எட்டாம் நாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழாம் நாளை ஒரு தரமும் பார்க்கவில்லை. நெஞ்சு நிறையப் பாலை வைத்துக்கொண்டு, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பிள்ளையை அவள் ஒரு முழுநாள் பசியோடு அழவிட்டாள். குல்தூமுக்காக, கலியாணத்துக்காக, கணக்குக்காக. திரும்பி வரும்போது தோணியில் அவள் அழுதாள். தோணிக்காரன் யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று நினைத்து மெதுவாகத் தண்டு வலித்தான்.

நாலு தரம் கொடுத்ததற்காக அவளுக்குக் கவலை இல்லை இப்போது. ஐந்தாம் தரத்துக்காகவும் இல்லை. எண்ணியதற்காகத்தான்.

9

முடிவுகள்.

அ) நபீஸா வாயைத் திறக்கவில்லை. கலியாணம் நடந்தது. றஸீனாவுக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்று பிறக்கும்போதும் நபீஸா முதலில் அதன் கைவிரல் கால்விரல்களை எண்ணிப் பார்த்தாள். மருமகன் ‘மாமி’ என்று கூப்பிடும் ஒவ்வொரு தரமும்…

[எழுதமுடியும். ஆனால் இது அவளை நான் தண்டிப்பது. அவளைத் தண்டிக்க நான் யார்?]

ஆ) நபீஸா ஐந்து என்று சொல்லிவிட்டாள். கலியாணம் நின்றது. சரீப் இனி அவளுக்கு மகன், றஸீனாவுக்குக் காக்கா, கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. மறைப்பு இல்லாமல் எந்நேரமும் வீட்டுக்குள் வரலாம், போகலாம். ஒருநாள் வந்தான். ‘உம்மா’ என்று கூப்பிட்டான். முக்காடு இல்லாமல் முன்னால் வருவதற்கு றஸீனாவுக்கு இப்போது உரிமை இருந்தது. அவள் உள்ளறையை விட்டு…

[இதற்குமேல் என்னால் ஏலவில்லை. இரண்டுதரம் உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.]

இ) இதை ஒரே இருப்பில் எழுதினேன்:

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை நேரத்தில், நபீஸா வேலிக் கடப்பால் குல்தூமின் வளவுக்குள் போனாள். குல்தூம் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மச்சி, நான் அண்டைக்கு இல்லெண்டு சொன்னது பொய். சரீப்புக்குப் பால் குடுத்தன்.”

சுளகு நிற்கவில்லை.

“தெரியும்” என்றாள் குல்தூம்.

“எப்பிடி?”

“வந்த அண்டைக்கு நான் தூக்கக்குள்ள அவன் என்ன வேணாமெண்டு ஒன்ட மாருப்பக்கம் திரும்பினான். ஆட்டுப்பால் குடிச்ச புள்ள அப்பிடித் திரும்பாது.”

“தெரிஞ்சிட்டு ஏன் சும்மா இருந்தாய்?”

“நீ இல்லெண்டு சொன்னாய், நான் நம்பினன். நம்பவேணுமெண்டு நம்பினன். பதினேழு வரிசம்.” அப்போதுதான் சுளகைக் கீழே வைத்தாள். “இன்னும் பத்து நாள் ஒன்னால வாய மூடிக்கிட்டு இரிக்கேலாமப் போச்சா?”

நபீஸா நிலத்தில் இருந்துவிட்டாள்.

“எத்தின தரம்?”

“நாலு நிச்சயம்.”

“அப்ப நாலுதான். நாலோட நில்லு மச்சி. நாலெண்டு சொல்லு, நான் எழும்பிப் போய் வேலையப் பார்க்கிறன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் நபீஸா அன்று தன் பாரத்தை முழுவதும் இறக்கிவைக்கத்தான் வந்திருந்தாள். பாரத்தை இறக்குகிறவர்கள் அது யாருடைய காலில் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

“நாலு ஆனவுடன நான் நிப்பாட்டிட்டன், மச்சி. ஏழாம் நாள் விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரைக்கும் ஒன்ட மகன் அழுதான். எனக்குப் பால் இருந்திச்சு. நான் குடுக்கல்ல. காதப் பொத்திக்கிட்டு இருந்தன். அடுத்த நாள் துணிக்குள்ள கட்டிக்கிட்டு நடந்தன். நடுவழியில அழுக நிண்டுட்டு. குடிச்சானா, கத்திக் களைச்சுப் படுத்தானா எண்டு எனக்குத் தெரியா. அல்லாஹ் அறிய, தெரியா.”

கோபம் வரும் என்று நபீஸா காத்திருந்தாள். வரவில்லை. குல்தூமின் கண் மெதுவாக நிறைந்தது. இப்போது அவள் கலியாணத்தை நினைக்கவில்லை என்பது நபீஸாவுக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் ஐந்து மாதப் பிள்ளை ஒன்று, துணிக்குள், வாய் உலர்ந்து கிடந்தது.

“குடிச்சிருப்பானா, மச்சி?” என்று கேட்டாள்.

10

நபீஸா சொன்ன பதிலை நான் எழுதவில்லை.

எழுதாமல் தப்பிக்கிறாய் என்று ஸகியா சொல்கிறாள். இருக்கலாம். இந்தக் கதையை எழுதி முடித்து ஏழு மாதம். அந்த ஒரு வரிக்கு இடம் விட்டபடி தாள் மேசையில் கிடக்கிறது. சில நாள் ‘இல்ல’ என்று எழுதுகிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் றஸீனாவுக்கு மருதோன்றி அரைக்கிறார்கள், கலியாணம் நடக்கப்போகிறது. ஆனால் அப்படி எழுதிய கையோடு, அந்தப் பிள்ளை இரண்டு நாளும் ஒன்றும் இல்லாமல் கிடந்தது என்று ஆகிவிடுகிறது. அடித்துவிட்டு ‘ஓம்’ என்று எழுதுகிறேன். பிள்ளை பசியாறிவிடுகிறது. றஸீனா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இரண்டும் வேண்டும் எனக்கு. கிடைக்காது.

இரண்டு பெண்களும் அரிசிச் சுளகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இன்னும் இருக்கிறார்கள். ஒருத்தி கேட்டுவிட்டாள். மற்றவள் வாயைத் திறக்கிறாள். இதை வாசிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பிள்ளை சுமந்தவராக இருந்தாலும் சரி, சுமக்கப்பட்டவராக இருந்தாலும் சரி, அந்த ஒரு சொல்லை நீங்கள்தான் சொல்லவேண்டும். சொல்லும்போது, குல்தூம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.